நாயக்கர்பட்டி டங்ஸ்டன்: சட்டம் வந்த வழியும் ஏலம் போன வழியும்

மாநிலங்களவையில் 2023 ஆகஸ்ட் 2, புதன்கிழமை ஒரே நாளில் மூன்று மசோதாக்கள் நிறைவேறின. வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம். மூன்றாவது ஜன் விஸ்வாஸ் மசோதா. சுற்றுச்சூழல் சட்டங்கள் உட்படப் பல சட்டங்களில் இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் வைத்தது அது. முந்தைய நாள்தான் பல்லுயிர்ச் சட்டத் திருத்தம் முடிந்திருந்தது. மறுநாள் கடற்பகுதிக் கனிமச் சட்டத் திருத்தமும் முடிந்தது. காடு, மலை, கடல், அங்கே வாழும் உயிர்கள் என எல்லாவற்றையும் தொடுகிற ஐந்து சட்டங்கள் மூன்றே நாளில் மேலவையைக் கடந்தன.

இவற்றில் சுரங்கச் சட்டத் திருத்தம் பதினைந்து மாதம் கழித்து மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் வந்து இறங்கியது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பர் 7 அன்று அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலமே ரத்தானது. இடைப்பட்ட இரண்டரை மாதப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதற்கு முந்தைய பகுதியைத்தான் அதிகம் பேர் பார்க்கவில்லை. ஏலத்துக்குக் கதவைத் திறந்த சட்டம் அவையில் எப்படி நிறைவேறியது? அங்கே எந்தக் கேள்வி விடுபட்டுப் போனது? அந்தக் கேள்வி கடைசியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை நடந்தே வர வேண்டியிருந்தது ஏன்?

நான்கு மாதம் முன்பு டெல்டாவில்

கதை மேலூரில் தொடங்கவில்லை. 2023 மார்ச் கடைசியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கான தொகுதிகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் தமிழ்நாட்டின் மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன: தஞ்சாவூர் மாவட்டத்தில் வடசேரி, அரியலூர் மாவட்டத்தில் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பு கிழக்கு. காவிரி டெல்டாவின் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கி 2020 பிப்ரவரியிலேயே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரிந்து போட்ட பட்டியலா, தெரியாமல் போட்டதா என்று டெல்டாவே கேட்டது.

முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாநிலத்தைக் கலந்து பேசாமல் அறிவித்துவிட்டீர்கள் என்பதுதான் அதன் சாரம். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் எதிர்த்துப் பேசின. ஏப்ரல் 8 அன்று அந்த மூன்று தொகுதிகளும் ஏலத்திலிருந்து விலக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். டெல்டாவில் பட்டாசு வெடித்தது.

ஜோஷி அப்போது நிலக்கரிக்கு மட்டும் அமைச்சர் அல்ல. சுரங்கத் துறையும் அவரிடம் இருந்தது; நாடாளுமன்ற விவகாரத் துறையும் அவரிடம்தான். மாநிலத்தைக் கேட்காமல் இடத்தை அறிவித்தால் என்ன நடக்கும் என்பதை ஏப்ரலில் நேரில் பார்த்தவர், சுரங்கச் சட்டத் திருத்த மசோதாவை ஜூலையில் அவைக்குக் கொண்டுவந்தார். அவையில் எந்த மசோதா எந்த நாளில் வர வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிற பொறுப்பும் அவருடையது. ஏப்ரலில் படித்த பாடத்தில் ஒரு வரியாவது ஜூலை மசோதாவில் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? இல்லை. டெல்டாவில் கிடைத்தது ஒரு விலக்கு மட்டுமே; அது ஒரு விதியாக மாறவில்லை.

மசோதா என்ன சொன்னது

1957-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்படி, பெரும்பாலான கனிமங்களை ஏலம் விடுவது மாநில அரசின் வேலை. 2023 திருத்தம் 24 கனிமங்களைத் தனியே பிரித்து, முதல் அட்டவணையில் 'பகுதி டி' என்று புதிதாக ஒரு பட்டியல் போட்டது. லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட் ஆகியவற்றோடு டங்ஸ்டனும் அதில் இருந்தது. 11டி என்ற புதிய பிரிவு, இந்த 24 கனிமங்களையும் ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. லித்தியம், பெரிலியம், டைட்டானியம், நியோபியம், டான்டலம், சிர்கோனியம் ஆகிய ஆறும் அணுக்கனிமப் பட்டியலிலிருந்து வெளியே வந்து தனியாருக்குத் திறக்கப்பட்டன. ஆழத்தில் கிடக்கும் கனிமங்களைத் தேடுவதற்கென்றே தனியாக ஓர் ஆய்வு உரிமமும் வந்தது.

காரணம் கேட்டால் அரசிடம் பதில் இருந்தது. அது வலுவான பதிலும்கூட. 2070-க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா உறுதி அளித்திருக்கிறது. மின்கலம், காற்றாலை, மின்வாகனம் எல்லாவற்றுக்கும் இந்தக் கனிமங்கள் வேண்டும், இவற்றில் பல இறக்குமதியை நம்பி இருக்கின்றன. மாநிலங்களிடம் ஒப்படைத்த 107 முக்கியக் கனிமத் தொகுதிகளில் 19-தான் ஏலம் போயின என்று அமைச்சகம் கணக்குக் காட்டியது. இரும்புத் தாதுவும் சுண்ணாம்புக்கல்லும் கைமேல் வருமானம் தரும்போது, கிராஃபைட்டுக்காக எந்த மாநிலம் மெனக்கெடும்? இதை மறுப்பது சிரமம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருக்கலாம் என்ற முதற்கட்ட மதிப்பீடும் வந்திருந்தது. அந்த உற்சாகத்தில் வந்த மசோதா இது. (ரியாசித் தொகுதி பின்னால் ஏலத்துக்கு வந்தபோது, போதிய ஆள் சேராமல் 2024 மார்ச்சில் அந்த ஏலத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று.)

மாநிலங்களைச் சமாதானப்படுத்தவும் ஒன்று வைத்திருந்தார்கள். ஏலத்தை ஒன்றிய அரசு நடத்தினாலும் ஏலத்தொகையும் ராயல்டியும் மாநிலத்துக்கே போய்ச் சேரும். உரிமத்தை எழுதிக் கொடுப்பதும் மாநில அரசுதான். அதாவது எந்த நிலத்தில், எப்போது, யாருக்கு என்பதை டெல்லி முடிவு செய்யும். கையெழுத்தும் வரவும் மாநிலத்துக்கு. ஆகவே விவாதம் நடந்த அளவுக்கு, அதிகாரம் யாருக்கு, பணம் யாருக்கு என்பதைச் சுற்றியே நடந்தது. குறிப்பிட்ட ஓர் இடம் சுரங்கத்துக்கு ஆகாது என்று சொல்லும் உரிமை யாருக்கு, அதை ஏலத்துக்கு முன்பே எந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும்? 11டி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவையில் நடந்தது

2023 மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 11 வரை. இனக்கலவரத்தில் மணிப்பூர் எரிந்துகொண்டிருந்த நேரம். பிரதமர் அவையில் பேச வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் தினமும் மையப்பகுதியில் நின்றன. அரசு அசையவில்லை. ஜூலை 26 அன்று கௌரவ் கோகோய் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை மக்களவைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். அதே ஜூலை 26 அன்றுதான் சுரங்கச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 28 அன்று, கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிலுவையில் இருக்கும்போது கொள்கை சார்ந்த சட்டங்களை நிறைவேற்றுவது மரபல்ல என்று காங்கிரஸ் சுட்டிக்காட்டியது. மரபுதானே, விதி இல்லையே என்று போய்விட்டது.

நிலக்கரி, சுரங்கம், எஃகுக்கென நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட மசோதாக்களை வரிவரியாகப் படிப்பதற்காகவே அமைந்த குழு அது. மாநிலச் செயலாளர்கள், நிலவியல் அறிஞர்கள், விவசாய அமைப்புகள், கனிம நிறுவனங்கள் எல்லோரையும் அது கூப்பிட்டுக் கேட்கலாம். இந்த மசோதா அதனிடம் போகவே இல்லை. போயிருந்தால் ஏப்ரல் டெல்டா விவகாரத்தை யாராவது ஒருவர் எடுத்து மேசையில் வைத்திருப்பார்.

குழுவுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. வன மசோதா குழுவுக்குப் போனது. ஆனால் எந்தக் குழுவுக்கு என்பதில்தான் சூட்சுமம். சுற்றுச்சூழல் நிலைக்குழுவின் தலைவராக அப்போது இருந்தவர் காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ். அவருடைய குழுவை விட்டுவிட்டு, இதற்கெனத் தனியாக ஒரு கூட்டுக்குழுவைப் பாஜக உறுப்பினர் ராஜேந்திர அகர்வால் தலைமையில் அமைத்தார்கள். அந்தக் குழு ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் மசோதாவைத் திருப்பிக் கொடுத்தது. மறுப்புக் குறிப்பு எழுதிய எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்குக் கிடைத்தது அறிக்கையின் பின்னிணைப்பில் சில பக்கங்கள்.

ஆகஸ்ட் 2-க்கு வருவோம். மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் மணிப்பூருக்காக வெளிநடப்புச் செய்திருந்தன. உள்ளே மிஞ்சியவர்கள் ஆளும் கூட்டணியும் அதற்கு இணக்கமான கட்சிகளும். சுரங்க மசோதாவின் மீது அதிமுகவின் தம்பிதுரை ஆதரித்துப் பேசினார். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. ஆகஸ்ட் 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஆகஸ்ட் 17 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அறிமுகத்திலிருந்து அமலுக்கு வர மொத்தம் மூன்று வாரம்தான்.

அந்தக் கூட்டத்தொடரில் மக்களவை திட்டமிட்ட நேரத்தில் 43 சதவீதமும் மாநிலங்களவை 55 சதவீதமும் மட்டுமே இயங்கின என்பது நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பின் கணக்கு. ஆனால் நிறைவேறிய மசோதாக்கள் 23. மக்களவை பாதி நேரம்கூட நடக்கவில்லை, மாநிலங்களவை பாதியைச் சற்றே தாண்டியது; சட்டம் மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது.

வெளிநடப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மணிப்பூரைவிடப் பெரிய விஷயம் அன்று வேறு இல்லை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வெளியே போனவர்களின் கேள்வியும் அவர்களோடு வெளியே போய்விடுகிறது. அவைக்குறிப்பில் பதிவாவது உள்ளே பேசியவர்களின் சொல் மட்டும்தான். பதினாறு மாதம் கழித்துத் தமிழ்நாட்டில் இரண்டு திராவிடக் கட்சிகளும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டது இந்த ஒரு நாளின் அவைக்குறிப்பை வைத்துத்தான். நீங்கள் ஆதரித்துப் பேசினீர்களே என்றது திமுக. நீங்கள் ஏன் உள்ளே இருந்து தடுக்கவில்லை என்றது அதிமுக. சட்டத்தை ஆதரித்ததும் சுரங்கத்தை ஆதரித்ததும் ஒன்றல்ல என்பது அதிமுகவின் பதில். இரண்டு பக்கமும் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் சங்கடம்.

2015.51 ஹெக்டேருக்குள் என்ன இருந்தது

நாயக்கர்பட்டித் தொகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர். ஏறத்தாழ 5,000 ஏக்கர். ஏல ஆவணத்தில் அது ஒரு தொகுதி, ஓர் எண், ஒரு வரைபடம். தரையில் அது மேலூர் வட்டத்தின் ஊர்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள், கண்மாய்கள், குன்றுகள், கோயில்கள்.

அந்தப் பரப்புக்குள் 193.215 ஹெக்டேர், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த நிலம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்த இடம் அது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கை ஊற்றுகள் என்று அரசு அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. ராஜாளியும் லகுடுவும் கூடு கட்டும் பாறைகள். எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு.

மனிதர்களின் தடம் அதைவிட நெருக்கமானது. அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையில் சமணத் துறவிகளுக்குக் குகை செய்து கொடுத்தவரைப் பற்றி, தமிழின் பழைய எழுத்தான தமிழியில் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. அதே ஊரில் லகுலீசர் சிற்பத்தோடு பாறையில் குடைந்த சிவன் கோயில். மீனாட்சிபுரம் மலையில் உள்ளவை மாங்குளம் கல்வெட்டுகள். 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டுபிடித்தவை, பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்பவை. தமிழ் எழுத்தின் வரலாற்றைப் பேசுகிற எவரும் தாண்டிப் போக முடியாத இடம்.

இவ்வளவும் இருக்கிறதே, சட்டப் பாதுகாப்பு இல்லையா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஓட்டை. பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்கலாம் என்கிறது. அதை நிர்வகிக்க விதி செய்யலாம், பாதிக்கப்படுவோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்கலாம். அவ்வளவுதான். இங்கே சுரங்கம் கூடாது என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. வனவிலங்குச் சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள பல் இதற்கு இல்லை. பலகை இருக்கிறது, பூட்டு இல்லை. 2023 ஆகஸ்ட் 1 அன்று இதே சட்டத்தைத் திருத்த அவைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அந்தத் திருத்தத்தின் கவனம் முழுவதும் ஆயுஷ் மருத்துவர்களுக்கு விலக்கு, குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் அபராதம் என்ற பக்கமே போனது. 37-ஆம் பிரிவுக்குப் பல் முளைக்கவில்லை. மறுநாள் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. இரண்டு சட்டங்களும் ஒரே நிலத்தில் மோதினால் எது நிற்கும் என்று அடுத்தடுத்த இரண்டு நாளிலும் பேச்சே எழவில்லை.

யாருக்கு எப்போது தெரியும்

விவகாரம் வெடித்த பிறகு ஒன்றிய அரசும் மாநில அரசும் மாறி மாறித் தேதி வாசித்தன. சட்டம் வந்த கையோடு, 2023 அக்டோபரில், தமிழ்நாட்டின் அமைச்சர் துரைமுருகன் ஒன்றிய அரசுக்கு எழுதினார்: ஏல அதிகாரத்தை மாநிலத்திடமே விட்டுவிடுங்கள். சட்டப்படி அது முடியாது என்று நவம்பரில் ஜோஷி பதில் எழுதினார். அப்புறம் தொகுதியின் நில விவரங்களை அமைச்சகம் கேட்டது, மாநிலக் கனிமத் துறை அனுப்பியது. அதில் 193.215 ஹெக்டேர் பல்லுயிர்த் தலம் என்ற தகவலும் இருந்தது. 2024 பிப்ரவரியில் ஏல அறிவிப்பு. நவம்பரில் முடிவு.

"விவரம் கொடுத்தீர்கள், ஆனால் ஏலம் விடாதே என்று சொல்லவில்லையே" என்றது ஒன்றிய அரசு. "முதலிலேயே அதிகாரத்தை எங்களிடம் விடச் சொன்னோம், பல்லுயிர்த் தலம் இருக்கிறது என்றும் சொன்னோம், மீறி ஏலம் விட்டது நீங்கள்" என்றது மாநில அரசு. பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை பத்து மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி.

அரசியலாகப் பார்த்தால் கடைசிக் கேள்வி நியாயமானது. அந்தப் பத்து மாதத்தில் ஒரு கண்டிப்பான கடிதம் போயிருக்கலாம், போயிருக்க வேண்டும். சட்டமாகப் பார்த்தால் கதை வேறு. 11டி மாநிலத்தின் சம்மதத்தைக் கேட்கவில்லை. சம்மதம் கேட்காத சட்டத்தில் 'ஆட்சேபிக்கவில்லை' என்ற வாதத்துக்கு என்ன மதிப்பு? ஆட்சேபித்திருந்தாலும் அது ஏலத்தைக் கட்டுப்படுத்தியிருக்காது. மாநிலம் அனுப்பியது தகவல். அதைச் சம்மதமாகப் படித்தது அமைச்சகம்.

கிராமசபைகள்? நவம்பர் 23 அன்று மேலூர் ஊர்களின் கிராமசபைகள் தீர்மானம் போட்டன. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் பன்னிரண்டு கிராமசபைகள் ஒரு பாக்சைட் சுரங்கத்தையே நிறுத்தியதை இங்கே பலர் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். நியம்கிரியின் பலம் வன உரிமைச் சட்டத்திலிருந்தும், அதை முன்வைத்து உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவிலிருந்தும் வந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் பழங்குடியினர், அந்த நிலம், பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியலமைப்பு தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது. மேலூர் கிராமசபைத் தீர்மானங்களுக்கு மக்கள் குரல் என்ற மதிப்பு உண்டு, கனிமச் சட்டத்தில் இடமில்லை.

சட்டமன்றமும் சாலையும்

2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இந்த ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநில அரசின் அனுமதி இல்லாமல் இப்படி ஏலம் விடக்கூடாது என்பதும் அதில் ஒரு கோரிக்கை. நான் முதல்வராக இருக்கும்வரை இந்தச் சுரங்கம் வராது, வந்தால் இந்தப் பொறுப்பில் இருக்க மாட்டேன் என்ற பொருளில் ஸ்டாலின் பேசினார். மேடைப் பேச்சு போலத் தோன்றினாலும் அதற்கு ஒரு சட்டக் கைப்பிடி இருந்தது. ஏலத்தில் தேர்வான நிறுவனத்துக்கு, உரிமம் தருவதற்கு முன்படியான விருப்பக் கடிதத்தைக் கொடுக்க வேண்டியது மாநில அரசு. அதைக் கொடுக்காமல் வைத்திருந்தது தமிழ்நாடு. சட்டம் மாநிலத்துக்கு விட்டுவைத்த ஒரே பிடி அந்தக் கையெழுத்துதான். நீதிமன்றம் போனால் அது எவ்வளவு நாள் தாங்கியிருக்கும் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 24 அன்று சுரங்க அமைச்சகம் ஒரு படி இறங்கி வந்தது. பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டுத் தொகுதியின் எல்லையைத் திருத்த முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வு மையம் மறுபடி பார்க்கட்டும். அதுவரை விருப்பக் கடிதத்தை நிறுத்தி வையுங்கள் என்றது. அமைச்சகத்தின் கணக்கில் பிரச்சினை 193 ஹெக்டேர். ஊர்களின் கணக்கில் 2015. அரிட்டாபட்டியை விட்டுவிட்டு வல்லாளபட்டியைத் தோண்டுவது எப்படி நியாயம் என்று கேட்டார்கள். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தை மட்டும் காப்பாற்றி மற்ற ஊர்களை விட்டுக்கொடுக்க அரிட்டாபட்டிக்காரர்களும் சம்மதிக்கவில்லை. இந்த ஒற்றுமைதான் விவகாரத்தின் போக்கைத் திருப்பியது என்பது என் கணிப்பு. பல்லுயிர்த் தலம் என்ற பலகை இவர்களைப் பிரிக்கும் கோடாக மாறியிருக்க முடியும், மாறவில்லை.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். நடந்தும், டிராக்டரிலும், பைக்கிலும். பெண்கள் கூட்டம் பெரிது. கடைகள் அடைப்பு. போலீஸ் தடுத்துப் பார்த்தது, கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. வழக்குகள் பதிவாயின, பிறகு அவற்றைத் திரும்பப் பெறுவதாக மாநில அரசு அறிவித்தது.

ஜனவரி 22 அன்று மேலூர் ஊர்த்தலைவர்களான அம்பலக்காரர்கள் டெல்லியில் சுரங்கத் துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். அழைத்துப் போனவர் அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை. மறுநாள் ஏலம் ரத்து. 26-ஆம் தேதி முதல்வர் அரிட்டாபட்டிக்கும் வல்லாளபட்டிக்கும் வந்தார். வெற்றிக்கு உரிமை கொண்டாட இரண்டு தரப்பும் வரிசையில் நின்றன. ஊர்க்காரர்கள் இருவருக்கும் நன்றி சொன்னார்கள். விவரமானவர்கள்.

ரத்து என்றால் என்ன

ரத்தானது ஒரு தொகுதியின் ஏலம். 11டி அப்படியே இருக்கிறது. பகுதி டி பட்டியலில் டங்ஸ்டன் அப்படியே இருக்கிறது. உலக டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கைச் சீனா எடுக்கிறது. துளையிடும் கருவி முதல் ராணுவத் தளவாடம் வரை அது இல்லாமல் நடக்காது. தேவை குறையப் போவதில்லை. இன்னொரு தொகுதி, இன்னொரு மாவட்டம் என்று எப்போது வேண்டுமானாலும் வரலாம். மேலூர் ஊர்கள் இதைப் புரிந்துகொண்டுதான் தங்கள் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகவும் பண்பாட்டு மண்டலமாகவும் அறிவிக்கச் சொல்லிக் கேட்டன.

டெல்டாவில் ஒரு முறை, மேலூரில் ஒரு முறை. இரண்டு இடத்திலும் ஒன்றிய அரசு பின்வாங்கியது. இரண்டு இடத்திலும் அது அமைச்சரின் கருணையாகவே வந்தது. வேளாண் மண்டலம், பல்லுயிர்த் தலம் போன்ற நிலத்தை ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன் மாநிலத்தின் எழுத்துபூர்வமான கருத்தைப் பெற வேண்டும் என்று சட்டத்தில் ஒரு துணைப்பிரிவு சேர்க்க இரண்டு வரி போதும். நிலைக்குழுவில் ஒரு மதியம் உட்கார்ந்து பேசினால் வந்திருக்கக்கூடிய வரிகள். அது இல்லாததால், கூட்டம் திரட்ட முடிந்த ஊர் தப்பிக்கிறது. மேலூருக்கு அம்பலக்காரர்கள் இருந்தார்கள், கல்வெட்டு இருந்தது, மதுரை பக்கத்தில் இருந்தது, 2026 தேர்தலும் தொலைவில் இருக்கவில்லை. இந்த நான்கும் இல்லாத ஊர் என்ன செய்யும்?

அடுத்த நகர்வு அவைக்குள்கூட வரவில்லை. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. பாதுகாப்புத் துறையும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில், அணுக்கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றது அது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், தேசப் பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்கு என்று வைத்திருந்த விலக்கை இங்கே நீட்டியிருக்கிறார்கள். பரப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரிசீலனை ஒன்றிய அளவில்தான். மாநில அளவிலான மதிப்பீட்டுக் குழுவின் மேசைக்கு அது வராது. இதைத் திரும்பப் பெறும்படி அக்டோபரில் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார்.

நாயக்கர்பட்டி ஏலம் போன நாளில், சுரங்கம் தோண்டுவதற்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் ஊரைக் கூட்டி, மைக்கை நீட்டி, சொல்வதைப் பதிவு செய்ய வேண்டிய ஒரு கட்டமாவது மிச்சம் இருந்தது. அடுத்த தொகுதிக்கு அது கிடையாது. இதற்கு எந்த அவையிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. வெளிநடப்புச் செய்யவும் யாருக்கும் வாய்ப்பில்லை.